டப்பாவில் அடைத்த பயம்

ஒரு மாட்டின் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை, அதன்மேல் ஒரு விரல்கூடப் படாமல், ஓர் ஊசிகூடக் குத்தாமல் அறிந்து சொல்லும் ஆற்றல் மனித குலத்துக்கு இதோ கைவந்துவிட்டது; அந்தப் பெருமையை உலகம் இனி அரியலூர் மண்ணில் வந்துதான் தேட வேண்டும். 1988ஆம் வருடம் ஆவணி மாதம், வேலங்குடிக்காட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று டாக்டர் ஆண்டவர் இப்படி அறிவித்தபோது, அவருடைய இடது பூட்ஸ் கணுக்கால்வரை சாணிக்குள் இருந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மரியாதைக்குச் சும்மா இருந்தார்கள்.

டாக்டர் ஜெயங்கொண்டத்துப் பக்கம் பிறந்து, சென்னையில் கால்நடைப் படிப்பு படித்து, வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பெயர் பெற்றோர் வைத்தது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயருக்குத் தகுந்தாற்போல் நடந்துகொண்டதற்கு மட்டும் அவரே பொறுப்பு.

அவரை ஊருக்கு வரவழைத்தது கொளஞ்சியம்மாள் போட்ட ஒரு மனு. ஊருக்குக் கிழக்கே தனியார் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். கொளஞ்சியம்மாளும் அவள் புருஷன் கண்ணையனும் பாடுபட்ட புன்செய்க் கொல்லைதான் குவாரிக்கு மிக அருகில் இருந்தது. மாட்டுக் கொட்டகையும் அங்கேயேதான். போன வருடம் அவர்களுடைய செவலைப் பசு சினையாக இருந்தபோது, வேட்டுச் சத்தத்தில் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வரப்பில் தடுக்கி விழுந்து, கன்று வீசிவிட்டது. அந்தக் குறைக்கன்றைக் கொளஞ்சியம்மாள் தன் பழைய சேலையில் சுற்றி வேலியோரம் புதைத்தாள். இப்போது செவலை மறுபடியும் சினை. பொங்கலுக்கு முன்னால் ஈன வேண்டும். இந்த நேரம் பார்த்துக் குவாரிக்காரர்கள் அவள் கொல்லை வேலிவரை வெட்டிக்கொண்டு வர அனுமதி கேட்டிருந்தார்கள்.

"பொங்கல் வரைக்கும் இந்தப் பக்கம் வராம இருந்தா போதுங்க. அப்புறம் எங்கன வேணா வெடிச்சிக்கட்டும்" என்று அவள் வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ.விடம் நேரில் போய்ச் சொன்னாள். ஊர்க்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 'எங்கள் கால்நடைகள் அனைத்தும் அஞ்சி நடுங்குகின்றன' என்று மனுவில் எழுதியிருந்தது. ஆர்.டி.ஓ. முடிவெடுப்பதை ஓர் உடல் உபாதையாகக் கருதும் மனிதர். விஞ்ஞானம் வந்து முடிவு சொல்லும் என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

டாக்டர் விளக்கினார். "பயம் வந்தா மாட்டுக்குள்ள ஒரு ரசம் சுரக்கும். கார்டிசால்னு பேரு. ரத்தத்துல ஓடி, ஈரல்ல கரைஞ்சு, கடைசியில சாணிக்கு வந்து சேரும். சாயங்காலம் வேட்டுக்குப் பயந்தா, மறுநாள் காலைச் சாணியில அளந்துடலாம்."

"ரத்தத்துலயே பாத்துப்புடலாமே சார்?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் அரியமுத்து. அவருக்கு ரத்தம் என்றால்தான் ஒரு மதிப்பு.

"பாக்கலாம். ஆனா ஊசியோட ஒரு ஆள் போயி நின்னாலே மாடு மிரண்டுடும். அப்புறம் நாம அளந்தது வேட்டுப் பயமா, நம்மளப் பாத்த பயமா? நாம அந்த இடத்துலயே இருக்கக் கூடாது. அதுதான் என் முறையோட அழகு."

அத்தோடு விட்டிருக்கலாம். பின்வரிசையிலிருந்து யாரோ, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். எளிய மக்களுக்கு எளிய வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் கொள்கை. "ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு எண் வரும். எண் கம்மியா இருந்தா தைரியமான மாடு. ஜாஸ்தியா இருந்தா..." கொஞ்சம் யோசித்தார். "கோழை மாடு. யார் வீட்டு மாடு, என்ன எண்ணுன்னு கூட்டத்துல நானே படிப்பேன். விஞ்ஞானத்துல ஒளிவுமறைவு கிடையாது."

கூட்டம் சட்டென்று அமைதியானது. அது ஆர்வத்தால் வந்த அமைதி என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சிந்தாமணியின் டீக்கடையில் விவகாரம் தொடங்கிவிட்டது.

"ஏன் மாமா, உங்க காளை நேத்து வேட்டுக்கு வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுனுச்சாமே?" என்றான் தர்மன்.

"அது பயந்து ஓடலடா. உங்க வூட்டு மாடு ஓடுனுச்சு, என்னா ஏதுன்னு பாக்கப் போச்சு" என்றார் அய்யம்பெருமாள்.

"கண்ணையா, கவலைப்படாத" என்று இன்னொருவர் தேற்றினார். "ஒன் மாடுதான் பஸ்ட் வரும். கோழையில."

கடை சிரித்தது. கண்ணையனும் சேர்ந்து சிரித்தான். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

விஷயம் வெறும் கேலியோடு நிற்பதில்லை. மிரளும் மாடு என்று பெயர் எடுத்துவிட்டால் சந்தையில் தரகர் அதன் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்க மாட்டார். 'அனைத்தும் அஞ்சி நடுங்குகின்றன' என்ற வரியில் ஊரில் யாருக்கும் இன்னமும் ஆட்சேபம் இல்லை. அனைத்தும் நடுங்கலாம், என்னுடையது நடுங்கக் கூடாது.

பன்னிரண்டு வீடுகளுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுக்கப்பட்டது. வேட்டு வைத்த மறுநாள் காலை, விழுந்த முதல் சாணியில் மண் ஒட்டாத மேல்பாகத்தை எடுத்து, பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே டாக்டர், குச்சி ஐஸ்காரரிடம் வாடகைக்கு எடுத்த பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் முழுதும் ஊர்ப் பிள்ளைகள் ஐஸ் கேட்டு அழாதது ஒன்றுதான் அந்த ஆய்வால் விளைந்த உடனடிப் பயன்.

கொளஞ்சியம்மாள் சொன்னபடி எடுத்தாள். பூவரச இலையால் அள்ளி, டப்பாவை மூடி, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்தாள். அவளுக்குக் கடலை பறிக்கப் போக வேண்டியிருந்தது. டப்பாவைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நேரா ஆபீசுக்குப் போங்க. டீக்கடையில நின்னுடாதீங்க. நேத்து வேட்டுக்கு அது ஒதறுன ஒதறலு பூரா இதுலதான் இருக்கு."

கண்ணையன் டீக்கடையில் நிற்கவில்லை. அன்று அவன் செய்யாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான்.

வழியில் குவாரியின் மாட்டுக் கொட்டகை. அதன் பின்பக்கம் தர்மன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னா தர்மா, இந்தப் பக்கம்?"

"சும்மாதாண்ணே. காத்தாட வந்தேன்."

"டப்பாவோடயா?"

தர்மன் பதில் யோசிப்பதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து தலைவர் அரியமுத்து வெளியே வந்தார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு அவர் கையில் எதையோ மூடியிருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

"வர்றவங்க சட்டுன்னு வாங்கய்யா" என்று உள்ளேயிருந்து காவல்காரர் மதுரைவீரன் குரல் கொடுத்தார். "இன்னும் ரெண்டு டப்பாவுக்குத்தான் தேறும். மத்தவங்கள்லாம் முன்னாடியே வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு மாடு என்னா பண்ணும், பாவம்!"

உள்ளே நின்றது குவாரியின் தண்ணீர் வண்டிக் காளை. பல வருடங்களாக வேட்டுக்கு நடுவிலேயே வாழ்ந்துவிட்டது. பக்கத்தில் பாறை பிளந்தாலும் அசைபோடுவதை நிறுத்தாது. இந்தப் பக்கத்தில் அதைவிடச் சாந்தமான ஜீவன் கிடையாது என்று மற்றப் பதினோரு வீட்டிலும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள்.

கண்ணையன் தன் டப்பாவைப் பார்த்தான். அது இன்னும் சூடாக இருந்தது. "எம் பொண்டாட்டி சரியா எடுத்துக் குடுத்திருக்கா தலைவரே."

"எடுத்தது சரிதான்யா. மாடுதான் சரியில்ல" என்றார் அரியமுத்து. "ஊரு மாடெல்லாம் சிங்கமா நிக்கிறப்ப ஒன்னோடது மட்டும் எலியா நின்னா நல்லாவா இருக்கும்?"

தர்மனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நம்ம மாடு பயப்படுதுன்னுதானே மனுவே போட்டிருக்கோம்?"

"அதுக்குத்தான் மத்தவன் மாடெல்லாம் இருக்குல்ல" என்றார் தலைவர்.

அந்த மற்றவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது அநாகரிகமாகப் பட்டிருக்கும். கண்ணையன் வாய்க்கால் ஓரம் போய் டப்பாவைக் கவிழ்த்தான்.

ஐப்பசியில் முடிவு வந்தது. பள்ளிக்கூடத்து முன்னால் பந்தல். ஆர்.டி.ஓ. வந்தார். குவாரி மேனேஜர் நான்கு சால்வையோடு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வந்தவை.

டாக்டர் பெயர் பெயராகப் படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மீசை நிமிர்ந்தது. எல்லா எண்ணும் குறைவு. அதைவிட வியப்பு, எல்லா எண்ணும் ஏறக்குறைய ஒன்று.

"இவ்வளவு ஒத்துப்போகிற முடிவை நான் வெளிநாட்டிலும் கண்டதில்லை" என்று டாக்டர் கையிலிருந்த தாளை உயர்த்திக் காட்டினார். "என் முறையின் துல்லியத்துக்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாலிகண்டபுரத்துக்கு அப்பால் ஓர் ஊரில் நானே என் குழுவோடு போய் மாதிரி எடுத்தேன். குவாரி இல்லை, வேட்டு இல்லை, அவ்வளவு அமைதியான ஊர். அந்த மாடுகளுக்கு இதைப்போல மூன்று மடங்கு பயம்! இதிலிருந்து தெரிவது என்ன? வேட்டுச் சத்தம் மாட்டுக்குத் தாலாட்டு."

மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

"அதிலும், பன்னிரண்டில் மிகக் குறைந்த எண் கண்ணையன் என்பவருடைய பசுவுக்கு. இந்த ஊரிலேயே தைரியமான மாடு அதுதான்."

பின்வரிசையில் கொளஞ்சியம்மாள் எழுந்தாள். "எங்க செவலையா? அய்யா, வேட்டு வச்சா அதுக்கு நாலு காலும் நிக்காதுங்க. போன வருசம் கன்னு வீசுனது அதனாலதாங்க."

"கன்று வீச்சுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா" என்றார் டாக்டர் கனிவோடு. "நீங்க பயப்படுறீங்க. மாடு பயப்படல."

பந்தல் சிரித்தது. அதற்குள் மேனேஜர் ஒரு சால்வையைக் கண்ணையன் தோளில் போர்த்திவிட்டார். கொளஞ்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். மற்றப் பதினோரு பேரும் அவனைப் பார்த்தார்கள். கண்ணையன் சால்வையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆர்.டி.ஓ. அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து குவாரி கொல்லை வேலிவரை வரலாம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "எங்க கொட்டுன?"

யாரிடம் கொடுத்தாய் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து அதற்கு ஒரு பதில் தயார் செய்திருந்தான் கண்ணையன். அது இப்போது உதவவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"நாலு பேரு சிரிப்பானுவன்னு வயித்துல கெடக்கறதக் காவு குடுத்துட்டு வந்திருக்க."

"எல்லாரும்தான் புள்ள எடுத்தாங்க. தலைவரே..."

"தலைவரு மாடு சினையா இருக்கா? நாளைக்கு வா. அந்தாளுகிட்ட வந்து சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு."

"பன்னெண்டு வூட்டு மானமும் போயிடும்."

"போவட்டும். சந்தையில வெல போனா மறுபடி ஏறும்."

மறுநாள் காலை செவலை போட்ட சாணியை அவள் ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். டாக்டர் மீண்டும் அந்த அமைதியான ஊருக்குப் போயிருக்கிறார் என்று அரியலூரில் அவர் தங்கியிருந்த பங்களாவில் சொன்னார்கள். டெல்லியில் நடக்கும் மாநாட்டுக்கு இன்னும் கொஞ்சம் மாதிரி வேண்டுமாம். இருவரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

"தூக்குல என்னாம்மா, சாப்பாடா?" என்றார் கண்டக்டர்.

"சாணி."

கண்டக்டர் கண்ணையனைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

பெரம்பலூரில் பஸ் மாறி, வாலிகண்டபுரத்தில் இறங்கி நடந்து, அந்த ஊரின் ஏரிக்கரைக்கு வந்தபோது அவர்கள் முதலில் கண்டது ஒரு பசு நாக்கு வெளியே தள்ள ஓடி வருவதைத்தான். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப். ஜீப்புக்குப் பின்னால், சாணி விழுந்தால் தரையில் படுவதற்குள் ஏந்தக் கையில் டப்பாவோடு பேண்ட் போட்ட மூன்று பேர். பசு அவர்களைத் தாண்டி ஏரிக்குள் இறங்கிக் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டது. கரை முழுக்க மற்ற மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன.

"ஏங்கய்யா இது இப்படி ஓடுது?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "இந்த ஊர் மாடுகளே அப்படித்தாம்மா. போன தடவை வந்தப்பவும் தினம் இப்படித்தான் ஓடுச்சு. நரம்புத் தளர்ச்சி. சத்தம் கேட்டுப் பழக்கமில்ல பாருங்க."

நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. கண்ணையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, நடந்ததைச் சொல்லி முடித்தான்.

"ஒரே காளையா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்கய்யா. தண்ணி வண்டிக் காளை."

"பன்னிரண்டுமா?"

"ஆமாங்க. கடைசி டப்பாவுக்குக் கொஞ்சம் பத்தல. சொரண்டி எடுத்தோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். எண்கள் எல்லாம் ஏன் ஒத்துப்போயின என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முட்டாள் அல்ல. ஆனால் கட்டுரை அதற்குள் டெல்லிக்குப் போய்விட்டது. அழைப்பிதழில் அவர் பெயர் அச்சாகி, மத்திய மந்திரியின் பெயருக்கு நேர் கீழே வந்துவிட்டது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருல எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "நீங்களும் யாரு பேரையும் சொல்ல வேணாங்க. முடிவுல ஒரு சந்தேகம் இருக்கு, பொங்கல் வரைக்கும் பொறுங்கன்னு ஆர்.டி.ஓ. அய்யாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். இந்தாங்க, இது செவலையோடது. இன்னிக்குக் காலையில போட்டது."

டாக்டர் தூக்கைத் தொடவில்லை. "மாதிரி எடுக்கிற காலம் முடிஞ்சிடுச்சும்மா. விஞ்ஞானத்துல அப்படி ஒரு வார்த்தையில எதையும் மாத்த முடியாது."

"கோழை மாடு, தைரியமான மாடுன்னு ஒரு வார்த்தையிலதானே சொன்னீங்க?"

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு செய்யுங்க. மத்தப் பதினோரு பேரும், நடந்தது இதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வந்ததும் நான் அவசியம் பரிசீலிக்கிறேன்."

அவர்கள் தர மாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கண்ணையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வாங்க போலாம்" என்றாள் அவள். தூக்கை ஜீப்பின் மட்கார்டு மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. "நீ வேணா ஒன் மாட்டைக் கோழைன்னு சொல்லிக்க. எங்களை ஏன் இழுக்குற?" என்றார் அரியமுத்து. திங்கட்கிழமைக்கு முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வைக்க, வேட்டுச் சத்தம் எட்டாத தூரத்தில் அவர்களுக்குச் சொந்தம் யாருமில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் கொளஞ்சியம்மாள் செவலையின் காதில் பஞ்சு வைத்து, சாக்கால் தலையைச் சுற்றி, கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் வேட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். மறுநாள் காலை செவலை கன்று வீசியது. கிடேரிக் கன்று. முடி முளைத்திருந்தது. சுற்றுவதற்குப் பழைய சேலை இல்லை. கொடியில் சால்வைதான் கிடந்தது.

டெல்லியில் கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. குவாரிகளுக்கு அருகில் உள்ள கால்நடைகளின் மனநலம் பற்றி டாக்டர் அதன்பிறகு பல ஊர்களில் பேசினார். ஓர் ஏழைக் குடியானவனும் மனைவியும் பஸ் பிடித்துத் தேடி வந்து தனக்கு நன்றி சொன்னதை ஒவ்வொரு கூட்டத்திலும் மறக்காமல் குறிப்பிடுவார்.

அன்று ஏரிக்கரையிலிருந்து அவர்கள் போன பிறகு, பொழுது சாய்வதற்குள், டாக்டர் ஆண்டவர் பக்கத்து வீட்டில் சொம்பில் தண்ணீர் வாங்கிக்கொண்டு மூன்று முறை கருவேலங்காட்டுக்குப் போய்வந்தார்.